அயர்லாந்து எடைபோட்ட இரண்டு வழிகள்: ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள், ஓர் ஒப்பீடு

2011ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஆட்சிக்கு வந்த ஃபினே கெயில் கட்சி, தொழிற்கட்சி ஆகியவற்றின் கூட்டணி, நாட்டின் மருத்துவ அமைப்பை நெதர்லாந்தின் முறைப்படி மாற்றியமைக்கப் போவதாக அறிவித்தது. குடிமக்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கட்டாயமாகச் சேர வேண்டும், வசதி குறைந்தவர்களின் சந்தாவை அரசு ஏற்கும், மருத்துவமனைகள் தங்கள் வருமானத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும் என்பதே திட்டம். ஆறு ஆண்டுகள் கழித்து, 2017 மே மாதத்தில், அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் பல கட்சியினரும் இடம்பெற்ற குழு ஒன்று நேர்மாறான வழியைப் பரிந்துரைத்தது. வரிப்பணத்தில் நடக்கும், அனைவருக்கும் ஒரே வரிசை கொண்ட பொதுச் சேவையைப் பத்தாண்டுகளில் கட்டி எழுப்ப வேண்டும் என்ற அந்தத் திட்டத்துக்கு ‘ஸ்லான்ச்சகேர்’ என்று பெயர். ஐரோப்பாவின் இரண்டு பெரும் மரபுகளையும் ஒரே பத்தாண்டுக்குள் மேசைமேல் வைத்து எடைபோட்ட நாடுகள் அரிது. ஆகவே ஐரோப்பிய மருத்துவ அமைப்புகளை ஒப்பிட விரும்புவோர், தரவரிசைப் பட்டியல்களை விட்டுவிட்டு அயர்லாந்து நின்ற இடத்தில் நின்று பார்ப்பது பயன் தரும்.

அயர்லாந்தின் தொடக்க நிலை சற்று விசித்திரமானது. மருத்துவச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அரசே ஏற்கிறது. 2005 முதல் சுகாதாரச் சேவை நிர்வாகம் என்ற ஒரே அமைப்பு நாடு முழுவதற்குமான பொதுச் சேவையை நடத்துகிறது. இதை மட்டும் கேட்பவர் பிரிட்டனைப் போன்ற அமைப்பு என்றே எண்ணுவார். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மருத்துவ அட்டை வைத்திருக்கும் சுமார் மூன்றில் ஒரு பங்கினரையும், குடும்ப மருத்துவரை மட்டும் இலவசமாகப் பார்ப்பதற்கான அட்டை பெற்றவர்களையும் தவிர மற்ற அனைவரும், ஒவ்வொரு முறையும் தங்கள் கையிலிருந்து 50, 60 யூரோ கொடுத்துத்தான் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் முதல் நிலை மருத்துவத்தை இவ்வாறு முழு விலைக்கு வைத்திருக்கும் நாடு வேறு இல்லை என்றே சொல்லலாம். மறுபுறம், மக்களுள் ஏறத்தாழ பாதிப் பேர் தனியார் காப்பீடு வாங்குகிறார்கள். அதில் அவர்கள் பெறும் முக்கியமான பலன் காலம்: பொது நோயாளி மாதக்கணக்கில் காத்திருக்கும் அதே மருத்துவமனையில், அதே சிறப்பு மருத்துவரிடம், காப்பீடு உள்ளவர் விரைவில் சேர்ந்துவிடலாம்.

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல. தாய்மார்களுக்கும் 16 வயது வரையிலான குழந்தைகளுக்கும், வருமானம் எதையும் கேட்காமல், இலவச மருத்துவம் தர முயன்ற சுகாதார அமைச்சர் நோயல் பிரௌன், மருத்துவர் சங்கமும் கத்தோலிக்க ஆயர்களும் சேர்ந்து எதிர்த்ததால் 1951 ஏப்ரலில் பதவி விலகினார். பொதுச் சேவைக்கு அன்று அடைபட்ட கதவுக்குப் பதிலாக, 1957இல் வசதியுள்ளவர்களுக்கென அரசே ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. இரண்டு அடுக்குகளும் அன்று முதல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டே வளர்ந்தன.

நெதர்லாந்தின் முறை 2011இன் கூட்டணி அரசைக் கவர்ந்ததற்குக் காரணம், அந்நாடும் 2006 வரை இரண்டு அடுக்குகள் கொண்டதாக இருந்ததுதான். அங்கே மக்களுள் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சமூகக் காப்பீட்டு நிதியங்களிலும், வருமானம் மிகுந்த மற்றவர்கள் தனியார் காப்பீட்டிலும் இருந்தார்கள். 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. இப்போது காப்பீட்டாளர்கள் தனியார் நிறுவனங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் எவரையும் அவர்கள் மறுக்க இயலாது, ஒரே திட்டத்துக்கு முதியவருக்கும் இளைஞருக்கும், நோயாளிக்கும் நலமானவருக்கும் ஒரே சந்தாவைத்தான் வாங்க வேண்டும், அடிப்படைத் திட்டத்தில் என்னென்ன அடங்கும் என்பதை அரசுதான் தீர்மானிக்கும். வயது வந்தவர்கள் மாதம் சுமார் 150 யூரோ கட்டுகிறார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சந்தா இல்லை. மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதி, வருமானத்தை ஒட்டி, பெரும்பாலும் முதலாளிகள் வழியாக ஒரு பொது நிதிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நிதி, நோயாளிகளை அதிகம் சேர்த்துக்கொண்ட நிறுவனத்துக்கு அதிகமாகவும், நலமானவர்களை அதிகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் குறைவாகவும் பகிர்ந்தளிக்கிறது. முறையின் உயிர்நாடி இந்தப் பகிர்வுதான். இது சரியாக நடக்காவிட்டால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் நீரிழிவு நோயாளியை விரும்பி வரவேற்காது. நோயாளி ஆண்டுக்கு முதல் 385 யூரோ வரை தாமே செலுத்த வேண்டும் என்ற விதி இருந்தாலும், குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு அந்த விதி பொருந்தாது. அயர்லாந்துக்காரர் ஒருவர் பொறாமைப்பட வேண்டிய இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்நாட்டு விவாதத்தில் காப்பீட்டு நிறுவனங்களின் போட்டி பற்றிய பேச்சு இதைக் காட்டிலும் ஓங்கி ஒலித்தது.

2014 ஏப்ரலில் அயர்லாந்து அரசு தன் வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், டப்ளினில் உள்ள பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் செலவுக் கணக்கைப் போட்டுக் காட்டியது: புதிய முறையால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு 3.5 சதவீதம் முதல் 10.7 சதவீதம் வரை கூடக்கூடும். அப்போதைய சுகாதார அமைச்சர் லியோ வரத்கர் திட்டத்தைக் கைவிட்டார். செலவுக் கணக்குதான் காரணமாகச் சொல்லப்பட்டது என்றாலும், அதற்கு அடியில் இன்னொரு தடை இருந்தது. நெதர்லாந்தில் மருத்துவமனைகள் ஏற்கெனவே தன்னாட்சி பெற்ற, லாப நோக்கமற்ற அமைப்புகளாக இருந்தன. காப்பீட்டாளர்களுக்கு மருத்துவமனைகளோடு விலை பேசி ஒப்பந்தம் செய்யும் பழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. ஒன்றே முக்கால் கோடிக்கு மேற்பட்ட மக்கள் நெருக்கமாக வாழும் நாடு என்பதால் ஒரு மருத்துவமனை பிடிக்காவிட்டால் மற்றொன்றுக்குப் போகலாம். ஐம்பது லட்சம் பேர் வாழும் அயர்லாந்தில் ஸ்லைகோவிலோ கெரியிலோ இருப்பவருக்கு ஒரே ஒரு பொது மருத்துவமனைதான் அருகில் இருக்கும். அந்த ஒன்றோடு நான்கு காப்பீட்டாளர்கள் போட்டிபோட்டு விலை பேசுவதால் நோயாளிக்கு என்ன கிடைக்கப் போகிறது? நெதர்லாந்திலேயே கூட நான்கு பெருங்குழுமங்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தங்கள்வசம் வைத்திருக்கின்றன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சுவிட்சர்லாந்தின் முறை இன்னும் கடுமையானது. 1994இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி காப்பீடு கட்டாயம். அடிப்படைக் காப்பீட்டில் நிறுவனங்கள் லாபம் பார்க்க இயலாது. ஆனால் சந்தா வருமானத்தைப் பார்ப்பதில்லை; வங்கி மேலாளரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே மாநிலத்தில் ஒரே திட்டத்துக்கு ஒரே தொகை கட்டுகிறார்கள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மாநிலம் உதவித்தொகை தருகிறது. பெரியவர்கள் ஆண்டுக்கு 300 முதல் 2,500 பிராங்கு வரை தாங்களே தேர்ந்துகொள்ளும் தொகையை முதலில் செலுத்தி, அதற்கு மேல் வரும் செலவில் பத்து சதவீதத்தை 700 பிராங்கு என்ற உச்சவரம்பு வரை ஏற்க வேண்டும். இலையுதிர் காலத்தில் அடுத்த ஆண்டுக்கான சந்தா அறிவிப்பு வந்ததும், நவம்பர் முடிவதற்குள் எந்த நிறுவனத்துக்கு மாறலாம் என்று கணக்குப் போடுவது, அங்கே குடியேறி வாழும் பல்லாயிரம் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆண்டுதோறும் வரும் வேலைதான். இத்தனை குறை சொல்லியும், எல்லா நிறுவனங்களையும் ஒரே பொது நிதியமாக்கும் யோசனையைச் சுவிஸ் மக்கள் 2007இலும் 2014இலும் நிராகரித்தார்கள். சந்தா வருமானத்தின் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற யோசனையையும் 2024 ஜூனில் தள்ளினார்கள். பழகிய முறையை விட்டு மக்கள் எளிதில் நகர்வதில்லை என்பதை மருத்துவச் சீர்திருத்தம் பேசும் எவரும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காப்பீட்டு மரபின் தாய்வீடு ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1883இல், தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டம் அங்கே நிறைவேறியது. இன்றும் ஊதியத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் தனித்தனியே விதிக்கும் கூடுதல் பங்கு ஆகிய இரண்டையும் தொழிலாளரும் முதலாளியும் சமமாகப் பகிர்ந்து கட்டுகிறார்கள். வருமானம் இல்லாத வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் தனிச் சந்தா இன்றிச் சேர்ந்துகொள்ளலாம். தொடக்கத்தில் தொழிலையும் ஊரையும் ஒட்டி ஆயிரக்கணக்கில் இருந்த நிதியங்கள், 1996 முதல் மக்கள் தாங்களே நிதியத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றான பிறகு, ஒன்றோடொன்று இணைந்து நூற்றுக்கும் கீழே குறைந்துவிட்டன. மருத்துவமனைப் படுக்கைகள் ஆயிரம் பேருக்கு எட்டுக்கு அருகில் உள்ளன. பிரிட்டனில் இரண்டரை கூட இல்லை. அறுவை சிகிச்சைக்காக ஜெர்மானியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில்லை. அதற்கு விலை, நாட்டின் உற்பத்தியில் சுமார் 12 சதவீதச் செலவு.

ஆனால் அயர்லாந்தின் நோய்க்கு மருந்து தேடி ஜெர்மனிக்குப் போகிறவர் அதே நோயை அங்கேயும் காண்பார். ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் (2025இல் அது 73,800 யூரோ) ஒருவர் பொது நிதியத்தை விட்டுத் தனியார் காப்பீட்டுக்குப் போய்விடலாம். மக்களுள் சுமார் பத்தில் ஒருவர் தனியார் காப்பீட்டில் இருக்கிறார். அவருக்காக மருத்துவர் அதிகக் கட்டணம் வாங்கலாம் என்பதால், சிறப்பு மருத்துவரைச் சந்திக்க அவருக்கு நேரம் விரைவில் கிடைக்கிறது. நலமும் வசதியும் உள்ள இளைஞர்கள் பொதுத் தொகுப்பிலிருந்து விலகுவதைச் சட்டமே அனுமதிக்கும் நிலையில், தொகுப்பில் மிஞ்சுவோரின் சுமை கூடுகிறது. முதியோர் பெருகி, ஊதியம் பெறுவோர் குறையக் குறைய அது மேலும் கூடும். ஏற்கெனவே மைய அரசு ஆண்டுக்கு 14.5 பில்லியன் யூரோவை வரியிலிருந்து நிதியங்களுக்குத் தருகிறது.

இதே சிக்கலைப் பிரான்ஸ் முன்னதாகவே உணர்ந்தது எனலாம். 1945இல் சமூகக் காப்பீடாகத் தொடங்கிய அதன் முறை, 1991இல் அறிமுகமாகி, ஊதியத்தோடு ஓய்வூதியம், முதலீட்டு வருமானம் ஆகியவற்றின்மீதும் விதிக்கப்படும் பொதுச் சமூகப் பங்களிப்பை நாடத் தொடங்கியது. பெயர் காப்பீடு, வசூல் ஏறத்தாழ வரி. குடும்ப மருத்துவரின் 30 யூரோ கட்டணத்தில் 70 சதவீதத்தைப் பொது அமைப்பு திருப்பித் தரும், மீதியைப் பெரும்பாலும் துணைக் காப்பீடு ஏற்கும். புற்றுநோய், நீரிழிவு போன்ற நெடுநாள் நோய்களுக்கு அந்நோய் தொடர்பான சிகிச்சைக்கு முழுத் தொகையும் உண்டு. மக்கள் கையிலிருந்து நேரடியாகச் செலவிடும் பங்கு உலகிலேயே மிகக் குறைவாக உள்ள நாடுகளுள் பிரான்ஸ் ஒன்று என்றாலும், ஒரே மருத்துவருக்கான கட்டணத்தை இரண்டு காப்பீடுகள் தனித்தனியே கணக்குப் பார்த்துத் தீர்க்கும் நிர்வாகச் செலவு வீண் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி வரிவழி. 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் குடும்ப மருத்துவரைப் பார்க்கவோ மருத்துவமனையில் தங்கவோ கட்டணம் இல்லை. அதை உருவாக்கிய அனைரின் பெவன், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் தம் அரசே முனைந்தபோது 1951இல் பதவி துறந்தார்; அயர்லாந்தில் பிரௌன் பதவி விலகியதும் அதே மாதம்தான். இந்த முறையின் பலம் எளிமை. யாருக்கு எந்தக் காப்பீடு, எவ்வளவு பாக்கி என்று யாரும் கேட்பதில்லை. புதிய மருந்து ஒன்று அதன் விலைக்குத் தகுமா என்பதை 1999இல் அமைக்கப்பட்ட நிறுவனம் ஒன்று இங்கிலாந்து முழுவதற்குமாக ஆராய்ந்து சொல்கிறது. பலவீனம், ஆண்டுதோறும் நிதியமைச்சர் தரும் தொகைக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்பது. பணம் போதாத ஆண்டுகளில் கட்டணம் உயர்வதில்லை, வரிசை நீள்கிறது. இங்கிலாந்தில் மட்டும் 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியலில் 77 லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் நின்றன. 18 வாரங்களுக்குள் சிகிச்சை என்ற இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவே இல்லை.

அயர்லாந்துக்கு இந்தப் பாடம் எல்லைக்கு அப்பாலேயே கிடக்கிறது. டொனெகாலிலிருந்து டெர்ரிக்குப் போகும் சாலையில் எல்லையைக் கடந்து, பிரிட்டனுக்கு உட்பட்ட வட அயர்லாந்துக்குள் நுழைந்ததும் குடும்ப மருத்துவருக்குக் கட்டணம் இல்லை, மருந்துச்சீட்டுக்கும் 2010 முதல் கட்டணம் இல்லை. ஆனால் பிரிட்டன் முழுவதிலும் மிக நீண்ட காத்திருப்பு வட அயர்லாந்தில்தான். அங்குள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு அயர்லாந்துக் குடியரசிலிருந்து நோயாளிகள் போய்ச் சிகிச்சை பெற்று, செலவைத் தங்கள் அரசிடம் திரும்பப் பெறும் திட்டமும் நடப்பில் இருக்கிறது. வட அயர்லாந்தின் பொது நோயாளி தம் முறைக்காகக் காத்திருக்கும் ஊரிலேயே இது நடக்கிறது. வரிவழியைத் தேர்ந்துகொண்டதாலேயே ஒரே வரிசை அமைந்துவிடும் என்று நம்புவோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

காப்பீட்டிலிருந்து வரிக்கு மாற முடியுமா என்ற கேள்விக்கு இத்தாலியும் ஸ்பெயினும் விடை தந்திருக்கின்றன. சிதறிக் கிடந்த காப்பீட்டு நிதியங்களைக் கலைத்து இத்தாலி 1978இல் தேசிய சேவையை நிறுவியது. ஸ்பெயின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதே திசையில் நகர்ந்தது. இரண்டிலும் நிர்வாகம் வட்டாரங்களின் கையில் இருப்பதால், இத்தாலியின் ஏழைத் தெற்கில் உள்ள கலாப்ரியாவின் நோயாளி வளமான வடக்கில் உள்ள லொம்பார்டிக்கு ரயிலேறுவது வழக்கமாகிவிட்டது. எதிர்த்திசையில் போன எஸ்தோனியா, சோவியத் முறையை விட்டு 1990களில் காப்பீட்டுக்கு மாறியது; போட்டியிடும் பல நிதியங்களைத் தவிர்த்து 2001இல் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டது. சிறிய நாட்டுக்கு அது விவேகமான முடிவு. ஆனால் நிதியின் பெரும்பகுதி ஊதியத்தின்மீது முதலாளி கட்டும் 13 சதவீதத்திலிருந்து வருவதால், நிலையான வேலையில்லாத ஒரு சிறு பகுதியினர் இன்னும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மக்கள்தொகையில் அயர்லாந்துக்கு அருகில் இருப்பவை டென்மார்க்கும் நார்வேயும். ஒப்பிட வேண்டியது முதலில் இவற்றோடுதான் என்பது என் கருத்து. இரண்டும் வரியில் இயங்குகின்றன. நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்கிறார்கள். கட்டணம் உண்டு, ஆனால் ஆண்டுக்கு 3,000 குரோனருக்குச் சற்று மேலான உச்சவரம்பை எட்டியதும் அது நின்றுவிடும். டென்மார்க்கில் குடும்ப மருத்துவருக்குக் கட்டணமே இல்லை. மருத்துவருக்கு அரசு தரும் பணம், பட்டியலில் உள்ள நோயாளிகளின் தலைக்கணக்கும் அவர் செய்த சிகிச்சைகளின் கணக்கும் சேர்ந்தது. 2002 முதல், குறிப்பிட்ட காலத்துக்குள் பொது மருத்துவமனை சிகிச்சை தர இயலாவிட்டால் நோயாளி அரசுச் செலவில் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம் என்ற உரிமையும் இருக்கிறது. தாமதித்தால் பணம் வெளியே போகும் என்பதால் பொது மருத்துவமனைக்கும் நெருக்கடி உண்டாகிறது. இத்தனைக்குப் பிறகும், முதலாளிகள் வழியாகத் தனியார் காப்பீடு பெற்றிருக்கும் டேனியர்களின் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் தெரிவுகளை எல்லாம் வைத்துப் பார்க்கையில், 2017இல் அயர்லாந்து வரிவழியைத் தேர்ந்தது சரியென்றே நான் கருதுகிறேன். கட்டாயக் காப்பீட்டை ஏற்றிருந்தால், இருக்கும் பொதுச் சேவையைப் பிரித்து, விலை பேசத் தெரிந்த காப்பீட்டாளர்களை உருவாக்கி, பகிர்வு நிதியையும் அமைத்த பிறகுதான் நோயாளி எந்த மாற்றத்தையும் உணர்ந்திருப்பார். அந்நாட்டின் உண்மையான குறையாகிய குடும்ப மருத்துவர் கட்டணம் இதில் எந்தக் கட்டத்திலும் தானாகத் தீராது. வரிவழியிலோ குறையை நேராகவே தொடலாம். 2022இல் ஒரு குடும்பத்தின் மாத மருந்துச் செலவுக்கான உச்சவரம்பு 80 யூரோவாகக் குறைக்கப்பட்டது. ஒரு நாளுக்கு 80 யூரோ என்றிருந்த பொது மருத்துவமனை உள்நோயாளிக் கட்டணம் 2023 ஏப்ரலில் எல்லாருக்கும் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் முதல், புதிதாகப் பணியேற்கும் சிறப்பு மருத்துவர்கள் பொது மருத்துவமனையில் தனியார் நோயாளிகளைப் பார்க்க இயலாத ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. என் மதிப்பீட்டில் இவற்றுள் மூன்றாவதுதான் மிகப் பெரியது; 1950களிலிருந்து தொடரும் இரட்டை வரிசையின் வேரை அதுவே தொடுகிறது.

மிஞ்சியிருப்பது வரிசைமுறை பற்றிய கேள்வி. 2015இல் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கும், 2023இல் ஆறு, ஏழு வயதினருக்கும், நடுத்தர வருமானம் வரை உள்ள குடும்பங்களுக்கும் எனக் குடும்ப மருத்துவர் கட்டணம் படிப்படியாக நீங்கிவருகிறது. எல்லாருக்கும் என்ற கட்டம் இன்னும் வரவில்லை. கட்டணத்தை ஒரேயடியாக நீக்கலாம்தான், ஆனால் அயர்லாந்தின் சிற்றூர்களில் பல குடும்ப மருத்துவர்கள் இப்போதே புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. மருத்துவர் எண்ணிக்கை கூடுவதற்கு முன் விலையை எடுத்துவிட்டால், மருத்துவமனை வாசலில் இருக்கும் வரிசை குடும்ப மருத்துவரின் வாசலுக்கு இடம்பெயரும். பணம் உள்ளவர் அங்கேயும் ஒரு குறுக்குவழியை வாங்கிக்கொள்வார். எனவே அடுத்துவரும் அரசுகள் முதலில் டென்மார்க்கைப் போல மருத்துவருக்கான ஊதிய முறையையும் பயிற்சி இடங்களையும் கவனித்து, கட்டணத்தை வயதுவாரியாக அதன் பின்னே குறைத்துவருவதே தகும். முன்னேற்றத்தை அளக்கக் காத்திருப்புப் பட்டியல் மட்டும் போதாது. தனியார் காப்பீடு வாங்கும் அந்தப் பாதிப் பேரின் பங்கு ஆண்டுக்காண்டு குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திட்டம் பாதி வழியைக் கடந்த பின்பும் அந்தப் பங்கு பெரிதாகக் குறையவில்லை.